சிறிய பவளப்பாறைத் தொட்டி: அமைக்கும் செலவும் பேணும் செலவும்

கொல்கத்தா நகரின் கிழக்கே அமைந்துள்ள சால்ட் லேக் என்னும் பகுதியின் பெயருக்கு உப்பு ஏரி என்பது பொருள். ஒரு காலத்தில் வித்தியாதரி ஆற்றின் வழியே கடல் ஓதம் இவ்விடம் வரை ஏறி வந்தது. ஆறு தூர்ந்து, 1928-இல் அது இறந்துவிட்டதாகவே அறிவிக்கப்பட்டது. பின்னர் 1962-இல் தொடங்கி, ஹூக்ளி நதியின் வண்டலைக் குழாய்கள் வழியே கொணர்ந்து கொட்டி ஏரிப் பரப்பை மேடாக்கினர். அம்மேட்டின்மீது இன்றைய விதான்நகர் எழுந்தது. ஆகவே, பெயரில் உப்பு இருப்பினும், இங்கே ஒரு பள்ளியில் கடல்மீன் தொட்டி வைக்க விரும்புவோர் உப்பை விலை கொடுத்தே வாங்குதல் வேண்டும். இந்நிலை சால்ட் லேக்கிற்கு மட்டும் உரியதன்று. கோவையிலும் திருச்சியிலும் உள்ள ஆசிரியர்களுக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

தொட்டி அமைக்க எவ்வளவு ஆகும் என்று கேட்போர் பெரும்பாலும் கண்ணாடியின் விலையையும் மீனின் விலையையும் மனத்திற் கொண்டே கேட்கின்றனர். அவ்விரண்டும் செலவின் சிறு பகுதிகளே. இக்கட்டுரையில் அளவுகளைக் கணக்கிட்டுத் தருகிறோம். விலை ஊருக்கு ஊர் வேறுபடுவதாலும் நாளுக்கு நாள் மாறுவதாலும், இங்குக் குறிக்கும் ரூபாய் உதாரணத்திற்காகக் கொண்டதே. வாசகர் தம் ஊரில் விசாரித்து அதனை மாற்றிக் கொள்க.

90 செ.மீ. நீளமும், 45 செ.மீ. அகலமும், 45 செ.மீ. உயரமும் உள்ள தொட்டி ஒன்றை எடுத்துக் கொள்வோம். விளிம்பிற்கு ஐந்து செ.மீ. கீழே வரை நிரப்பினால் 162 லிட்டர் கொள்ளும். மணலும் கல்லும் அடைக்கும் இடத்தைக் கழித்தால் நீர் சுமார் 145 லிட்டர். பத்து மி.மீ. கனமுள்ள கண்ணாடி நாற்பது கிலோ, நீர் ஏறத்தாழ நூற்றைம்பது கிலோ, மணலும் கல்லும் நாற்பது கிலோ. ஆக மொத்தம் 230 கிலோ. வகுப்பறை மேசை இதனைத் தாங்காது. இரும்புச் சட்டமிட்ட தாங்கி செய்தல் வேண்டும். இந்தச் செலவைப் பட்டியலில் எழுத மறப்பவர் பலர்.

இனி உப்பு. சமையல் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடும் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. சாலஞ்சர் என்னும் ஆய்வுக் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களில் சேகரித்த நீரில் 77 மாதிரிகளை டிட்மார் என்னும் வேதியியலார் பகுத்தாய்ந்து, முடிவுகளை 1884-இல் வெளியிட்டார். கடல்நீரின் உப்புச் செறிவு இடத்திற்கு இடம் மாறினும், அதில் அடங்கிய முக்கிய உப்புகளின் விகிதம் மாறுவதில்லை என்பதே அவர் உறுதிப்படுத்திய உண்மை. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 1,290 மில்லிகிராம் மக்னீசியமும் 410 மில்லிகிராம் கால்சியமும் உள்ளன. சமையல் உப்பின் கரைசலில் இவை அநேகமாக இல்லை. பவள உயிர் தன் கூட்டைக் கட்டுவதே கால்சியம் கார்பனேட்டால்தான். சுண்ணாம்பில்லாமல் வீடு கட்டச் சொல்வது போன்றது, சமையல் உப்பு நீரில் அதனை வளர்ப்பது.

எனவே இதற்கெனத் தயாரித்து விற்கப்படும் கடலுப்புக் கலவையையே வாங்க வேண்டும். லிட்டருக்கு ஏறத்தாழ 37 கிராம் தேவை. முதன்முறை நிரப்புவதற்கு 145 லிட்டருக்கு 5.4 கிலோ ஆகும். கிலோ 400 ரூபாய் என்று கொண்டால் 2,160 ரூபாய். இது பெரிதன்று. ஆனால் வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை, அதாவது 15 லிட்டரை, எடுத்துவிட்டுப் புதுநீர் விட வேண்டும். ஓராண்டில் அதற்கு ஆகும் உப்பு 28.9 கிலோ, விலை 11,560 ரூபாய். முதல் நாள் உப்பைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் ஓராண்டில் செலவாகிறது. உள்ளூரில் செய்த கண்ணாடித் தொட்டியின் விலை பெரும்பாலும் இவ்வோராண்டு உப்பின் விலையை எட்டாது.

கடற்கரை ஊர்களில் நிலைமை வேறு. மண்டபத்திலோ தூத்துக்குடியிலோ தெளிந்த கடல்நீரைக் குடத்தில் முகந்து, வடிகட்டி, சில நாள் இருட்டில் வைத்திருந்து பயன்படுத்தலாம். இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில் லீ சின் எங் என்பவர் பெருங்கருவிகள் ஏதுமின்றி, உயிர்ப்பாறை, சூரிய ஒளி, காற்றுக் குமிழி ஆகியவற்றைக் கொண்டே கடல் உயிர்களைத் தொட்டியில் வாழவைத்து, அம்முறையை 1961-இல் எழுதி வெளியிட்டார். அதைப் படித்து மலிவான முறை என்று மயங்குவோர், அவருக்குக் கடல் அருகில் இருந்தது என்பதைக் கவனிப்பதில்லை. சால்ட் லேக்கிற்கு அருகான கடற்கரைகளுள் ஒன்றாகிய திகா ஏறத்தாழ 180 கி.மீ. தொலைவில் உள்ளது, அங்கும் நீர் கலங்கலாகவும், மழைக்காலத்தில் உப்புக் குறைந்தும் காணப்படும். கங்கை கொணரும் நன்னீரும் வண்டலும் கலக்கும் வங்கக் கரையில் பவளப்பாறைகள் தோன்றாமைக்குக் காரணமும் இதுவே.

உப்பைக் கரைக்கும் நீரையும் கவனிக்க வேண்டும். குழாய் நீரில் குளோரினும், நிலத்தடி நீரில் இரும்பு முதலியனவும் இருத்தல் கூடும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இருப்பின் தொட்டி முழுவதும் பாசி படரும். ஆகையால் ஆர்.ஓ. வடிகட்டி தேவைப்படுகிறது. இது ஒரு லிட்டர் தூயநீர் தரும்போது இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியேற்றும்; கழிவைத் தோட்டத்திற்கோ தரை கழுவவோ பயன்படுத்துக. தொட்டியிலிருந்து நாள்தோறும் ஆவியாகும் இரண்டு லிட்டரை ஈடுசெய்ய நன்னீரையே விடுதல் வேண்டும். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. மாணவர் பலர் உப்புநீரையே மீண்டும் மீண்டும் ஊற்றிச் செறிவை ஏற்றிவிடுவது வழக்கமாக நேரும் பிழை. ஒப்படர்த்தி 1.025 அளவில் நிற்கிறதா என்று திரவமானியால் வாரம் இருமுறை பார்த்துக் கொள்ளலாம்.

மின்சாரச் செலவு இப்பகுதியில் உப்பினும் சற்றே குறைந்தது. ஆயினும் அதன் விளைவு பெரிது. பவள உயிரின் திசுவினுள் ஒற்றைச் செல் பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளியைக் கொண்டு உணவு தயாரித்துப் பவளத்திற்குப் பெரும்பங்கைக் கொடுக்கின்றன. ஆதலால் விளக்கு அழகுக்கன்று, உணவுக்கு. 80 வாட் விளக்கு நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் எரிந்தால் 0.72 யூனிட். நீரைச் சுழற்றும் இரு பம்புகள், கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி ஆகியவை மொத்தம் 45 வாட். இவை இரவும் பகலும் ஓடுவதால் 1.08 யூனிட். ஆக நாளுக்கு 1.8, ஆண்டுக்கு 657 யூனிட்.

வெப்பம் இதனினும் தொல்லை தருவது. பவளத்திற்கு உகந்தது 24 முதல் 27 டிகிரி செல்சியஸ். வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி மட்டும் மிகுந்து சில வாரங்கள் நீடித்தாலே அது தன் பாசிகளை வெளியேற்றி வெளிறிப் போகும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறு நேர்ந்தது. கொல்கத்தாவின் மே மாதத்தில் மூடிய வகுப்பறை 35 டிகிரியைத் தாண்டுவது இயல்பு. நீர்ப்பரப்பின்மீது விசிறியை ஓடவிட்டால் ஆவியாதல் மிகுந்து நீர் குளிரும் என்பது உண்மையே. ஆனால் வியர்வையே உலராத அவ்வூர்ப் புழுக்கத்தில் அப்பயன் சிறிதளவே கிட்டும். ஆகவே குளிர்விப்பான் வாங்க நேரிடும். 250 வாட் கருவி, ஏப்ரல் முதல் அக்டோபர் முடிய 214 நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் இயங்கினால் 428 யூனிட். குளிர்காலத்தில் சூடேற்றிக்கு இரு மாதங்களில் சுமார் 54 யூனிட். ஆண்டு மொத்தம் 1,139 யூனிட். யூனிட் எட்டு ரூபாய் எனின் 9,112 ரூபாய். உப்பும் மின்சாரமும் சேர்ந்து 20,672 ரூபாய். தீவனம், சோதனை மருந்துகள், உடையும் பம்பு, இறக்கும் மீன் ஆகியவை இதிற் சேரவில்லை.

இத்தனையும் பவளத்தின் பொருட்டு. ஆனால் அப்பவளத்தை வாங்கலாமா? இங்கே நடைமுறைக் கேள்வி சட்டக் கேள்வியாகிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், பாறை கட்டும் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி, கடற்குதிரை இனம், கடல் அட்டை ஆகியவை 2001-இல் சேர்க்கப்பட்டன. நம் கடல்களில் இவற்றை எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். பாறையிலிருந்து பெயர்த்தெடுத்து உயிர்ப்பாறை என்னும் பெயரில் விற்கப்படுவதும் பெரும்பாலும் பவளத்தின் எலும்புக்கூடே. கடைக்காரர் எடுத்துக் காட்டும் எந்தச் சீட்டையும் நம்பி அரசுப் பள்ளியின் பணத்தைச் செலவிடலாகாது.

பழைய பாடநூல்களில் பவளப் பூச்சி என்றெழுதினர். மொழிபெயர்க்கும் எமக்கும் அச்சொல் கைப்பழக்கமாக வந்து விழுவதுண்டு. ஆயினும் அது பூச்சியன்று, கடல் சாமந்திக்கு உறவான பிராணி. ஒரு கைப்பிடிக் கிளையில் ஆயிரக்கணக்கான உயிர்கள் இருத்தல் கூடும் என்பதை இச்சொல் மறைத்துவிடுகிறது.

பவளத்தை விட்டுவிடுவோமாயின், செலவுப் பட்டியல் எவ்வாறு மாறுகிறது என்பதைப் பார்ப்போம். வெள்ளைச் சிமெண்டும் நொறுக்கிய கிளிஞ்சலும் கலந்து, துளைகள் விட்டு, செயற்கைப் பாறையைப் பள்ளியிலேயே வார்க்கலாம். சிமெண்டின் காரம் நீங்கும்வரை பல வாரங்கள் நீரில் ஊறவைத்து, நீரை அடிக்கடி மாற்ற வேண்டும். ஒளிக்கு 20 வாட் விளக்குப் போதும். ஆண்டில் 197 யூனிட் மிச்சம். பாறை மீன்களில் பல 29, 30 டிகிரி வரை பொறுத்துக் கொள்வதால், காற்றோட்டமுள்ள கீழ்த்தளத்து அறையில் குளிர்விப்பானை விடுத்து விசிறியோடு நிறுத்தலாம். விசிறிக்குச் சுமார் 26 யூனிட். மொத்தம் 540 யூனிட், 4,320 ரூபாய். நைட்ரேட்டைப் பவளத்தினும் மீன் பொறுக்குமாதலால், மீன் குறைவாக இருப்பின் நீர் மாற்றம் இரு வாரத்திற்கு ஒருமுறை போதும், உப்பு 14.43 கிலோ, 5,772 ரூபாய். இரண்டும் சேர்ந்து 10,092 ரூபாய். செலவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டது.

மீனை உடனே விடலாகாது. மீனின் கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியா நஞ்சாகும். ஒருவகைப் பாக்டீரியா அதனை நைட்ரைட் ஆகவும், வேறொருவகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆகவும் மாற்றுகின்றன. இவை பாறையிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை தூய நவச்சாரம் சிறிதளவு இட்டு அவற்றை வளர்க்கலாம். மாணவர்கள் நாள்தோறும் சோதித்து, அம்மோனியா ஏறி இறங்குவதையும், பின் நைட்ரைட் ஏறி இறங்குவதையும் வரைபடமாக வரைந்தால், மீன் வருமுன்னரே தொட்டி பாதிப் பாடத்தை நடத்தி முடித்துவிடும். இதற்காகும் செலவு பொறுமை மட்டுமே. அதனைக் கொடுக்க மனமில்லாதோர் மீனாகக் கொடுக்கின்றனர்.

145 லிட்டருக்கு நான்கைந்து சிறுமீன்களுக்கு மேல் கூடாது. ஓரிணைக் கோமாளி மீனே தொடக்கத்திற்கு உகந்தது. கடலில் அது கடல் சாமந்தியை அண்டி வாழ்வது. தொட்டியில் அஃதின்றியும் நன்கு வாழும். குஞ்சு பொரிப்பகத்தில் வளர்த்த மீனையே கேட்டு வாங்குக. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பரங்கிப்பேட்டையிலும் இதன் இனப்பெருக்க முறைகளை உருவாக்கியுள்ளன. கொல்கத்தாவின் காலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையில் விற்பவரிடம், இம்மீன் எங்குப் பிறந்தது என்று முதலிற் கேட்டுவிட்டு, அதன்பின் விலையைக் கேட்க வேண்டும். தென்கிழக்காசியக் கடல்களில் சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கும் வழக்கம் 1960-களிலிருந்தே இருந்து வந்துள்ளது; அவ்வாறு பிடித்த மீன் விற்கும்போது நலமாகத் தோன்றிச் சில வாரங்களில் மடிவதுண்டு. பாதி விலைக்கு வாங்கிய மீனை மும்முறை வாங்க நேர்ந்தால் ஆகும் தொகையை மாணவரே கூட்டிக் கொள்வர்.

வந்த மீனை மூன்று நான்கு வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்தல் இன்றியமையாதது. வெண்புள்ளி நோய்க்குத் தாமிர மருந்து தரப்படுகிறது. மயில்துத்தம் கலந்த அந்நீர் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். பாறையிலும் ஊறித் தங்கும். ஆகவே ஒரு சிறு பிளாஸ்டிக் பெட்டியும் காற்றுப் பம்பும் செலவுப் பட்டியலில் தனியே இடம்பெற வேண்டும்.

மின்சாரம் நின்றுபோதல் இங்கே அரிதான நிகழ்ச்சியன்று. சித்திரை, வைகாசி மாதங்களில் மாலைவேளையில் அடிக்கும் கால்பைசாகிப் புயலில் சில மணி நேரம் நிற்கலாம். 2020-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் வீசிய ஆம்பன் புயலுக்குப் பின் கொல்கத்தாவின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. வெப்பமேறிய உப்புநீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். பம்பு நின்ற சில மணி நேரத்தில் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாய் திறக்கத் தொடங்கும். மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்றும், மாற்று மின்கலங்களும் தொட்டியின் பக்கத்திலேயே இருக்கட்டும். இருட்டில் தேடி எடுக்கும்படி அலமாரியில் பூட்டி வைத்தால் பயனில்லை.

விடுமுறை மற்றோர் இடர். துர்க்கா பூஜையை ஒட்டிப் பள்ளிகள் வாரக்கணக்கில் மூடப்படுகின்றன, கோடையிலும் அவ்வாறே. நாளுக்கு இரண்டு லிட்டர் ஆவியாகும் தொட்டியில் பதினைந்து நாள் யாரும் நீர் விடாவிடில் முப்பது லிட்டர் குறைந்து, உப்புச் செறிவு கால் பங்குக்கு மேல் ஏறிவிடும். கோடையில் விசிறி ஓடினால் இன்னும் விரைவாக ஏறும். காவலாளிக்கு இரண்டு லிட்டர்ப் பாட்டிலையும், கண்ணாடியில் ஒட்டிய நீர்மட்டக் கோட்டையும் காட்டி, கோடு வரை நன்னீர் விடுமாறு சொன்னால் அவர் செய்வார். தீவனத்தை நாள்வாரியாகத் தாளில் மடித்துக் கொடுக்க வேண்டும். டப்பாவைக் கொடுத்தால் இரக்கத்தால் அதிகமாகப் போட்டுவிடுவர். அவருக்குத் தரும் சிறுதொகையையும், அவர் வராத நாளில் வரப்போகிறவர் யார் என்பதையும், தொட்டிக்கு அனுமதி கேட்கும் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுக.