பந்தை எடுக்க வர்றவங்களுக்கு வழி விடு, தம்பி!

பேஸ்பால் டீம்ல சேர்ந்துட்டேன்னு நீ போன்ல சொன்னதும் அக்காவுக்குத் தலைகால் புரியலடா. ஆலங்குடியில நாம ஆடினதெல்லாம் டென்னிஸ் பால் கிரிக்கெட். அதே பழக்கத்துல ஓடினா 'இன்டர்ஃபியரன்ஸ்'ல, அதாவது எதிர் டீமோட ஆட்டத்தை மறிக்கிற தப்புல, மாட்டிக்குவ.

காலேஜ் சாப்ட்பால்ல நான் மாட்டினேன். ரெண்டாவது பேஸ்லேருந்து மூணாவதுக்கு ஓடுறேன். உருண்டு வந்த பந்தை எடுக்க ஷார்ட்ஸ்டாப் பொண்ணு குனியறா. என் முழங்கால் அவ தோள்ல இடிச்சிடுச்சு. வேணும்னு இடிக்கல. ஆனாலும் நான் அவுட். மோதலுக்கு அப்புறம் ஹோமைத் தொட்ட எங்க டீம் ரன்னரையும் அம்பயர் மூணாவதுக்கே திருப்பி அனுப்பிட்டார். ரன் போச்சு.

அடிச்ச பந்தை எடுக்கப் போறவங்களுக்குத்தான் பாதை சொந்தம். அவங்களுக்குப் பின்னாடி வளைச்சு ஓடு. அதுக்காக லைனை விட்டு விலகினா அவுட் கிடையாது. பேஸ் மேல கால் இருக்கிறப்ப, வேணும்னு மறிக்காத வரைக்கும் பயமில்ல.

எறிஞ்ச பந்து வேற கதை. ரன்னர் வேணும்னு மறிச்சாத்தான் தப்பு. 2024 மே 12, சேப்பாக்கம் கிரிக்கெட் மேட்ச்ல சாம்சன் எறிஞ்சது ஜடேஜா மேல பட்டு அவுட் கொடுத்தப்ப நீ எப்படிக் கத்தினே! அவர் ஓடுற திசையை மாத்தினதைத்தான் அம்பயர் பார்த்தார். பேஸ்பால்ல, 1978 வேர்ல்ட் சீரிஸ்ல ரெஜி ஜாக்சன் இடுப்புல பட்டு பந்து விலகிப் போச்சு. அம்பயர் இன்டர்ஃபியரன்ஸ் கொடுக்கல, அந்த வாக்குவாதம் இன்னும் ஓயல. உனக்கு அந்த வம்பே வேண்டாம். எறியற பக்கம் உடம்பைச் சாய்க்காதே.

முதல் பேஸுக்கு 90 அடி. கடைசி 45 அடிக்குக் கோட்டுக்கு வலப்பக்கம் 3 அடிப் பாதை போட்டிருக்கும். அதுக்கு வெளிய ஓடி, பேஸ்ல பந்து பிடிக்கிறவங்களை மறிச்சா அவுட். மேஜர் லீக்ல 2024லேருந்து இடப்பக்கம் புல் வரைக்கும் உள்ள மண்ணையும் சேர்த்துட்டாங்க. உங்க டோர்னமென்ட்ல எந்த விதின்னு முதல்லயே கேட்டுக்கோ.

மூணாவது பேஸ் கோச் உன்னைப் பிடிச்சு நிறுத்தினாலும், தள்ளி விட்டாலும் நீதான் அவுட். பெஞ்ச் பக்கம் பந்து உயரமா வந்தா தண்ணி கேனோட எல்லாரும் எந்திரிச்சு இடம் விடுங்க. பிடிக்க வர்றவங்களை மறிச்சா உங்க பேட்டர் அவுட்.

பொங்கல் லீவுக்கு வா. நம்ம செம்மண்ணுல சுண்ணாம்புப் பொடியால அந்த 3 அடிப் பாதையைப் போட்டு வைக்கிறேன். நீ ஓடு, நான் எறியறேன்.