கனத்த வாயிற்கதவுக்குச் சுவரில் கீல் பொருத்தும் முறை

தொழுவம், களம், தானியக் கிடங்கு ஆகியவற்றின் காவல் பெரும்பாலும் வாயிற்கதவைப் பொறுத்தது. வண்டியும் டிராக்டரும் நுழையத்தக்க அகலமான இரும்புக் கதவுகளை நம் குடியானவர்கள் செலவு பாராமல் செய்து மாட்டுகின்றனர். ஆயினும், இரண்டொரு மழைக்காலம் கழிவதற்குள் கதவின் நுனி தரையில் உரசுவதையும், மேற்கீலைச் சுற்றிச் சுவர் பிளப்பதையும் பல இடங்களிற் காணலாம். இவ்வாறு தளர்ந்த கதவு ஒரு நாள் பெயர்ந்து விழுமாயின், அருகில் விளையாடும் குழந்தையின் உயிருக்கே கேடாகும். ஆகவே, இதனைக் கொத்தனார் பொறுப்பென்று விட்டுவிடாமல், நிலச் சொந்தக்காரர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் இதன் காரணத்தை அறிந்திருத்தல் அவசியம்.

கீலின்மேல் விழும் பாரம்

கதவு கீழ்நோக்கி மட்டும் பாரம் கொடுப்பதில்லை. அதன் கனம் சுவருக்கு வெளியே தள்ளி நிற்பதால், மேற்கீலைச் சுவரிலிருந்து பிடுங்குகிறது. கீழ்க்கீலைச் சுவருக்குள் அழுத்துகிறது. உதாரணமாக, 6 அடி அகலமும் 100 கிலோ எடையுமுள்ள ஒரு கதவின் இரு கீல்களுக்கும் இடையே 5 அடி தூரம் இருந்தால், மேற்கீலை இழுக்கும் விசை 60 கிலோ. அத்தூரம் 3 அடியாகக் குறைந்தால் அவ்விசை 100 கிலோவாகும். 25 கிலோ எடையுள்ள ஒரு சிறுவன் கதவின் நுனியில் தொங்கி ஆடினால், இதனோடு இன்னும் 50 கிலோ சேரும். ஆதலால் கீல்கள் இரண்டையும் கூடியமட்டில் விலக்கி அமைப்பதே முதல் விதி.

பழைய வீடுகளிலும் கோயில்களிலும் கதவின் அடிக்குடுமி கற்குழியில் அமர்ந்து சுழலும். மேற்குடுமி நிலையின் தலைப்பில் அடங்கி நிற்கும். எடை முழுவதையும் நிலத்திலுள்ள கல் தாங்க, மேற்பகுதி கதவு சாயாமல் பிடிப்பதோடு நின்றது. மிகக் கனத்த கதவுகளுக்கு இம்முறை இன்றும் சிறந்ததே. எனினும் மேலே பிடுங்கும் விசை இதிலும் உண்டாகையால், மேற்பிடிப்பின் உறுதியைக் குறைக்கலாகாது.

பொருத்தும் விதம்

1. ஒற்றைச் செங்கற் சுவரில் கனத்த கதவைத் தொங்கவிடலாகாது. குறைந்தது ஒன்றரை அடிச் சதுரத் தூண் வேண்டும்.

2. மேற்கீலின் இரும்புத் தண்டு தூணை ஊடுருவிப் பின்புறம் வெளிவரவேண்டும். அங்கே 6 அங்குலச் சதுரமும் கால் அங்குலக் கனமும் உள்ள இரும்புத் தகட்டை வைத்து, மரையால் முடுக்குக. அப்போது ஒரு செங்கல் மட்டுமின்றித் தூணின் பெரும்பகுதி இழுப்பைத் தாங்கும்.

3. முகப்பில் துளையிட்டு அடிக்கும் விரியும் போல்ட்டுகள் செங்கல்லைப் பிளந்துவிடும். தூணின் ஓரத்தை ஒட்டியும் துளையிடலாகாது.

4. துளையைத் தூசி நீக்கி நனைத்து, ஒரு பங்கு சிமெண்டும் மூன்று பங்கு மணலும் கலந்த சாந்தை இடைவெளியின்றி நிரப்புக. ஏழு நாள் ஈரம் காயாமல் காத்து, அதன்பின் சில வாரம் விட்டுக் கதவை மாட்டுவது நலம்.

5. கீல் முளைகள் இரண்டும் தூக்குநூலில் ஒரே நேராக இருக்கவேண்டும். மேல்முளையைக் கீழ்நோக்கி அமைத்தால், மாடு கொம்பால் நெம்பினாலும் கதவு கழலாது.

6. இரும்பு துருவேறும்போது பருத்துச் சுவரை வெடிக்கச் செய்யும். பதிப்பதற்கு முன்பே துருத்தடுப்பு வர்ணம் பூசுக.

கரிசல் நிலத்தில் தனிக் கவனம்

திருவேங்கடம் வட்டாரக் கரிசல் மண் ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பி, கோடையில் சுருங்கி வெடிக்கும் இயல்புடையது. எவ்வளவு நன்றாகக் கீல் பதித்தாலும், தூணே சாய்ந்துவிட்டால் பயனில்லை. சித்திரையில் வெடிப்புக்குள் நீண்ட கம்பியை விட்டு ஆழத்தை அறிந்து, அதற்கும் கீழே அஸ்திவாரத்தை இறக்குக. 5 அடிக்குக் குறையாமலிருப்பது நன்று. தூணைச் சுற்றிக் கரிசலை நிரப்பாமல் மணலும் சரளையும் இடுக. இரு தூண்களையும் தரைக்கடியில் காங்கிரீட்டு உத்தரத்தால் இணைத்தால் அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகா. குடுமிக் கல்லைத் தனியே கரிசல்மீது வைத்தால், மழையில் அது மேலெழும்பிக் கதவைத் தூக்கிவிடும். தூணின் அஸ்திவாரத்தின் மேலேயே அதனை அமர்த்துக.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

பள்ளிக்கூடம், நியாய விலைக் கடை, பொதுக்களம் முதலியவற்றின் கதவுகளை ஆண்டுதோறும் புரட்டாசிக்கு முன் சோதிப்பது நலம். மேற்கீலருகே வெடிப்பு, நுனி உரசுதல், தாழ்ப்பாள் பொருந்தாமை என்னும் மூன்றில் ஒன்று காணப்பட்டாலும் கதவை உடனே கழற்றித் தரையில் படுக்கவைக்கவேண்டும். கயிற்றால் கட்டி நிறுத்திவைப்பது ஆபத்து. தூணைச் செப்பனிடச் சில நாள் பிடிக்குமாயின், அதுவரை முள்வேலி போதுமானது.