மலை இரயிலும் ‘செய்தி’யும்

பயணக் கட்டுரை எழுதப் பழகும் மாணவர்க்குரிய பாடம் ஒன்றை நீலகிரி மலை இரயில் நமக்குக் கற்பித்தது. அதனை ஈண்டுப் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை 46 கி.மீ. தொலைவு. கடல் மட்டத்திற்கு மேல் 326 மீட்டர் உயரத்தில் புறப்படும் வண்டி 2,203 மீட்டர் உயரம் வரை ஏறுகின்றது. 1899ஆம் ஆண்டில் குன்னூர் வரையிலும், 1908ஆம் ஆண்டில் உதகை வரையிலும் இப்பாதை திறக்கப்பெற்றது. வழியில் 16 குகைகளும் 208 வளைவுகளும் ஏறத்தாழ 250 பாலங்களும் உள்ளன. 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

பாதையின் அமைப்பு

கல்லாறு வரை இது சமவெளி வண்டியே. அங்குள்ள பாக்குத் தோப்புகளைக் கடந்ததும் மலை எழுந்து நிற்கிறது. சில இடங்களில் பன்னிரண்டு அடி நகர்ந்தால் ஓரடி உயரவேண்டும். வழுவழுப்பான சக்கரம் வழுவழுப்பான தண்டவாளத்தைப் பற்றி இச்சரிவில் ஏற இயலாது. ஆகவே, குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட இரண்டு இரும்புப் பட்டைகள் அருகருகே பதிக்கப்பெற்றுள்ளன. ஒன்றன் பல்லுக்கு நேரே மற்றொன்றன் இடைவெளி அமையும். எஞ்சினின் பற்சக்கரம் ஒரு பல்லை விடுமுன் அடுத்ததைப் பற்றிக்கொள்ளும். இது சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் கண்ட முறையாகும். ஏறும்போது எஞ்சின் முன்னே நின்று இழுப்பதில்லை. பின்னே நின்று தள்ளுகின்றது.

எனின், முன்னே வழியைப் பார்ப்பவர் யார்? பெட்டியின் முன்மேடையில் நிற்கும் பிரேக்ஸ்மேன். பெட்டிதோறும் ஒருவர் இருப்பார். எஞ்சினின் ஊதல் ஒலியைக் கேட்டு, அதன் குறிப்பறிந்து, தம் கையால் பிரேக்கை இறுக்குவார், தளர்த்துவார். பனியிலும் மழையிலும் அவர் நிற்குமிடம் அதுவே.

மாணவர் எழுதியது

சில ஆண்டுகளுக்கு முன் துறை மாணவர்களுடன் இவ்வண்டியில் சென்றோம். திரும்பியதும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னோம். முகில் தவழ்ந்தது, அருவி வீழ்ந்தது, தேயிலை பச்சைக் கம்பளம் விரித்தது என்று எல்லாரும் அழகாகவே எழுதியிருந்தனர். பிரேக்ஸ்மேனைப் பற்றி ஒருவரும் ஒரு வரியும் எழுதவில்லை.

அவர்களைக் கடிந்துகொள்ள எண்ணியபோது வேறொன்று நினைவுக்கு வந்து நம்மைத் தடுத்தது. ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சின் நீர் கொள்ள நின்றது. மாணவர்கள் பெட்டியின் முன் நின்று படம் எடுக்க விரும்பினர். மேடையில் நின்ற அம்மனிதரை நோக்கி, “அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்” என்று சொன்னவர் நாமே. அவரும் சிரித்துக்கொண்டே ஒதுங்கினார். படத்திலிருந்து அவரை நீக்கியவர் ஆசிரியர். மாணவர் எழுத்தில் அவர் இல்லாமற்போனதில் வியப்பென்ன?

தொல்காப்பியம் காட்டும் நெறி

நிலத்தைப் பாடுவோர்க்குத் தொல்காப்பியர் வகுத்த கருப்பொருள்களுள் மரமும் விலங்கும் புள்ளும் மட்டுமல்ல, ‘செய்தி’யும் உண்டு. செய்தி என்பது ஈண்டு அந்நில மக்களின் தொழில். குறிஞ்சி என்றால் மலையும் மயிலும் மட்டும் அல்ல. தேன் எடுத்தலும் கிழங்கு அகழ்தலும் சேர்ந்ததே குறிஞ்சி. தொழில் செய்யும் மனிதரை விலக்கிவிட்டு வெறும் காட்சியை எழுதுவது நம் இலக்கண மரபுக்கு ஒத்ததன்று. அந்த இலக்கணத்தை வகுப்பில் பலமுறை நடத்திய நாமே மலையில் அதனை மறந்தோம்.

மாணவர்கள் அக்கட்டுரையை மறுமுறை எழுதினர். ஊதலுக்குச் செவி சாய்த்து நின்ற முகம், பிரேக்கைப் பற்றிய கை, மழைக்காலத்தில் மண் சரிந்தால் பாதையைச் சீர்செய்யும் தொழிலாளர் ஆகியோர் அதில் இடம்பெற்றனர். அருவியும் முகிலும் இருந்த இடத்திலேயே இருந்தன. கட்டுரைகள் முன்னினும் சிறந்தன.

இனி மலைக்குச் செல்லும் மாணவர் அனைவரும் சாளரத்தின் வழியே காண்பதோடு, தம்மை மேலே கொண்டுசெல்வோரையும் கண்டு எழுதுவாராக. அவர் பெயரைக் கேட்டறிந்து எழுதினால் இன்னும் நன்று. நாம் அன்று அதனையும் கேட்கவில்லை.