கொழும்பின் 18 ஆசனங்கள்

கேள்வி: அமெரிக்காவில் மாநில முதனிலைத் தேர்தலில் வாக்கு வீதத்துக்கேற்பப் பேராளர்களைப் பிரிக்கிறார்களாம். 2024 பாராளுமன்றத் தேர்தலில் கொழும்பில் ஒரு கட்சிக்கு 14, இன்னொன்றுக்கு 4 என்று எந்தக் கணக்கில் வந்தது?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: அங்கே ஜனநாயகக் கட்சியில் 15 வீதம் எட்டாதவருக்குப் பேராளர் இல்லை. இங்கே மாவட்டத்தில் 5 வீதம் எடுக்காத கட்சி கணக்கிலேயே சேராது. புதிய ஜனநாயக முன்னணி கொழும்பில் அப்படித்தான் வெளியே நின்றது. முதலில் வந்த தேசிய மக்கள் சக்திக்கு ஒரு போனஸ் ஆசனம். மிச்சம் 17. தேறிய இரு கட்சிகளின் வாக்குகளைக் கூட்டி 17 ஆல் வகுத்தால், ஓர் ஆசனத்துக்கு ஏறத்தாழ 58,600 வாக்கு. அதன்படி 13, 3. எஞ்சிய ஒன்று, பெரிய மீதி வைத்திருந்த ஐக்கிய மக்கள் சக்திக்குப் போனது.

அந்த ஆசனங்களில் யார் அமர்வது என்பதைத் தீர்மானிப்பது விருப்பு வாக்கு. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் நம்மவர் பலர் அதைப் போடாமலே திரும்புவது எனக்குப் பெரிய கவலை. அடுத்த முறை கட்சிக்குப் புள்ளடி போட்ட கையோடு, வாக்குச்சீட்டின் கீழே உள்ள வேட்பாளர் இலக்கங்களில் விரும்பிய மூன்றுக்கும் போட்டுவிட்டு வாருங்கள்.