டோர்ட்முண்டுக்கு வரும் மருமகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. டோர்ட்முண்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உனக்கு இடம் கிடைத்து, விசாவும் கைக்கு வந்துவிட்டதாக அண்ணன் சொன்னார். ரொம்பச் சந்தோஷம். போனில் அவசர அவசரமாகக் கேட்டாயே, அதற்கெல்லாம் பதிலை எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நம் ஊரில் ஒரு தெருவுக்குப் புதிதாகக் குடிபோனால், சாமான் இறக்கும்போதே பக்கத்து வீட்டம்மா வந்து எந்த ஊர், எத்தனை பேர், அப்பாவுக்கு என்ன வேலை என்று விசாரித்துவிடுவார். பொழுது சாய்வதற்குள் பால்காரர் யார், தண்ணீர் எப்போது வரும் என்பதெல்லாம் தெரிந்துவிடும். இங்கே அப்படி ஒருவரும் வரமாட்டார்கள். அதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. இந்த ஊர் முகம் பார்த்துப் பழகாது, முறை பார்த்துப் பழகும். முறை தெரிந்து நடப்பவரை முன்பின் தெரியாவிட்டாலும் நம்புவார்கள். அந்த நம்பிக்கை வந்த பிறகு முகமும் பழகிவிடும். இது புரியாமலே படிப்பை முடித்துவிட்டு, “இவர்கள் யாரோடும் ஒட்டமாட்டார்கள்” என்று சொல்லிக்கொண்டு போகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. நீ அப்படிப் போய்விடக் கூடாது.

வந்ததும் முதல் வேலை முகவரிப் பதிவு. இங்கே உள்ள நம் பிள்ளைகள் எல்லாரும் அதை அன்மெல்டுங் என்றுதான் சொல்வார்கள். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது சட்டம். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் அதற்கு வேண்டும். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது, அந்தத் தாளைத் தனியாகக் கேட்டு வாங்கு. அலுவலகத்தில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு, ஆகையால் விமானம் ஏறுவதற்கு முன்பே இணையத்தில் நேரம் பிடித்து வை. இந்தப் பதிவு நடந்தால்தான் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். வங்கி, பகுதிநேர வேலை, தங்கும் அனுமதி என எங்கே போனாலும் முதலில் கேட்பது இந்தப் பதிவுச் சான்றைத்தான். விசா முடிகிற தேதியை நாட்காட்டியில் குறித்துவைத்து, அதற்குச் சில மாதம் முன்பே வெளிநாட்டவர் அலுவலகத்தில் விண்ணப்பித்துவிடு.

அடுத்தது பெயர்ப்பலகை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நம் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். நம் ஊர் அடுக்குமாடி மாதிரி இங்கே முகவரியில் வீட்டு எண் பெரும்பாலும் இருக்காது. தெருப் பெயர், கட்டட எண், ஆள் பெயர், அவ்வளவுதான். தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதத்தைப் போடுவார். பெயர் இல்லையென்றால் ஆள் இல்லை என்று திரும்பிவிடும். வங்கி அட்டையும், அதன் ரகசிய எண்ணும், காப்பீட்டு அட்டையும், வரி எண்ணும் இப்படித் திரும்பிப்போய் அலைந்த பிள்ளைகள் நிறைய. உன் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அண்ணன் பெயர் இருக்கிறது. ஆகவே மணியிலும் தபால் பெட்டியிலும் அந்தப் பெயரைத்தான் ஒட்ட வேண்டும். அலுவலகத்திலும் மருத்துவரிடமும் உன்னை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். காத்திருக்கும் அறையில் அந்தப் பெயர் காதில் விழுந்தால் சட்டென்று எழுந்துகொள்.

வாசலில் இருக்கும் அந்த மணிப் பலகையை நின்று படித்துப் பார். கோவால்ஸ்கி என்று ஒரு பெயர் இருக்கும், அதற்குக் கீழே யில்மாஸ் என்று ஒன்று. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த ரூர் பகுதியின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குக் கிழக்கிலிருந்து போலந்துக்காரர்கள் வந்தார்கள். 1961இல் துருக்கியோடு ஒப்பந்தம் போட்டுச் சுரங்கத்துக்கும் உருக்காலைக்கும் ஆள் எடுத்தார்கள். 1980களில் இலங்கையிலிருந்து நம் தமிழ் மக்கள் போருக்குத் தப்பி அகதிகளாக வந்தார்கள். டோர்ட்முண்டில் கடைசிச் சுரங்கம் 1987இல் மூடப்பட்டது. ஹோர்டே பகுதியில் இருந்த உருக்காலையைப் பிரித்துக் கப்பலில் சீனாவுக்கே அனுப்பிவிட்டார்கள். அது இருந்த இடத்தில் 2010இல் தண்ணீர் விட்டு ஃபீனிக்ஸ் ஏரி ஆக்கியிருக்கிறார்கள். வெயில் அடிக்கிற ஒரு நாளில் போய் அதைச் சுற்றி நடந்துவிட்டு வா. வேற்றூர்க்காரர் உழைப்பில் எழுந்த ஊர் இது. இங்கே நீ கூசிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

வீட்டுக் கதவைப் பற்றி ஒன்று. பல வீடுகளில் வெளிப்பக்கம் திருகும் கைப்பிடி கிடையாது, அசையாத குமிழ் ஒன்று மட்டும் இருக்கும். குப்பை கொட்ட வெளியே வந்து, காற்றில் கதவு சாத்திக்கொண்டால் சாவி இல்லாமல் உள்ளே போக முடியாது. ராத்திரியில் பூட்டுத் திறப்பவரைக் கூப்பிட்டால் நூற்றுக்கணக்கான யூரோ போய்விடும். ஆகவே மாற்றுச் சாவி ஒன்றை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவை. யாரிடம் என்கிறாயா? பக்கத்து வீட்டுக்காரரிடம்தான்.

அவரோடு பழக்கம் எப்படி வரும் என்பதையும் சொல்கிறேன். படிக்கட்டில் யாரைப் பார்த்தாலும் வணக்கம் சொல். மருத்துவரின் காத்திருக்கும் அறைக்குள் நுழையும்போதுகூட உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் சொல்வது இங்கே வழக்கம். குனிந்த தலையோடு கடந்து போவதை அடக்கம் என்று நாம் நினைப்போம், அவர்களோ அலட்சியம் என்று நினைத்துவிடுவார்கள். பிறகு ஒரு நாள் நீ வகுப்பில் இருக்கும்போது பார்சல் வரும். இங்கே அதைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, உன் பெட்டியில் ஒரு சீட்டுப் போட்டுவிட்டுப் போவார்கள். அன்று மாலை நீ அவர் மணியை அடித்து, நன்றி சொல்லி வாங்கிக்கொள்வாய். அடுத்த மாதம் அவர் பார்சலை நீ வாங்கி வைப்பாய். கோடையில் ஊருக்குப் போகும்போது தன் செடிக்குத் தண்ணீர் ஊற்ற முடியுமா என்று அவர் சாவியை உன் கையில் கொடுப்பார். இங்கே ஒருவர் தன் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டார் என்றால் அதற்கு மேல் நட்புக்கு வேறு சான்று வேண்டாம்.

வாடகையில் இரண்டு கணக்கு உண்டு. குளிர் வாடகை என்பது இடத்துக்கு மட்டும். சூடு வாடகை என்பது வெப்பமூட்டல், தண்ணீர், குப்பை எல்லாம் சேர்ந்தது. உன் மாதக் கணக்கில் சூடு வாடகையைப் போடு, மின்சாரம் அதிலும் சேராமல் தனியாக வரலாம். முன்பணம் மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேல் கேட்கச் சட்டம் இடம் தராது, அதையும் மூன்று தவணையில் கட்ட உனக்கு உரிமை உண்டு. அறையை யாராவது நேரில் பார்க்கும் முன் ஒரு யூரோகூட அனுப்பாதே. “வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் போட்டால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்” என்பவர் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள். உனக்காக நான் எசனிலிருந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், அதில் தயங்காதே. குடிபோகும் நாளில் சுவரில் உள்ள கீறல், தரைக் கறை எல்லாவற்றையும் படம் எடுத்துச் சாவி வாங்கும்போது எழுதும் தாளிலும் குறிக்கச் சொல்.

குளிர்காலத்தில் ஜன்னலை அடைத்தே வைக்காதே. சோறு வடித்த ஆவி, குளித்த ஈரம், துணி காயும் ஈரம் எல்லாம் இந்த இறுக்கமான வீடுகளில் வெளியேற வழியில்லாமல் சுவரில் போய் உட்காரும். காலையில் ஜன்னல் கண்ணாடியின் அடியில் வரிசையாக நீர்முத்து நின்றால், சில வாரத்தில் அலமாரிக்குப் பின்னால் கரும்பூஞ்சை வரும் என்று அர்த்தம். அதைச் சுத்தம் செய்யும் செலவு உன் முன்பணத்தில் கழியும். பனி பெய்தாலும் சரி, வெப்பமூட்டியை அணைத்துவிட்டு, ஜன்னலை அகலத் திறந்து ஐந்து பத்து நிமிடம் விடு. தினமும் இரண்டு மூன்று முறை இதைச் செய். ஜன்னலைச் சாய்த்து நாள் முழுக்க விடுவதால் வீடு குளிர்வதுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. ஞாயிற்றின் ஓய்வு இந்த நாட்டின் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. பேக்கரி சில மணி நேரம் திறக்கும், பெரிய ரயில் நிலையத்தில் சில கடை இருக்கும். மற்றபடி சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள். அன்று சுவரில் துளை போடக் கூடாது, கண்ணாடிப் பாட்டில்களைத் தெருத் தொட்டியில் போடக் கூடாது. இரவு பத்து மணிக்கு மேல் மிக்ஸி ஓட்டாதே, கீழ்வீட்டுக்காரர் காலையில் வேலைக்குப் போகிறவர். முதல் ஞாயிறு உனக்கு வெறிச்சென்றுதான் இருக்கும். ஆனால் மதியத்தில் காட்டுப்பாதையில் போய்ப் பார், ஊரே குடும்பத்தோடு நடந்துகொண்டிருக்கும்.

ரயில் நிலையத்தில் தடுப்புக் கதவு எதுவும் இருக்காது, யாரும் டிக்கெட் கேட்கமாட்டார்கள். உன்னை நம்பித்தான் திறந்து வைத்திருக்கிறார்கள். சோதனையில் டிக்கெட் இல்லாமல் சிக்கினால் 60 யூரோ, திரும்பத் திரும்ப நடந்தால் குற்ற வழக்கு. மாணவர் கட்டணத்தோடே நாடு முழுக்க உள்ளூர் ரயிலில் போகும் டிக்கெட் உனக்கு வந்துவிடும். அது போனில் எப்போதும் திறக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்.

தபாலை அன்றன்றே பிரி. மொழி புரியவில்லை என்று மேஜையில் அடுக்கி வைக்காதே. குறிப்பாக மஞ்சள் உறை வந்தால், அதன் மேல் தபால்காரர் எழுதிய தேதியோடு உறையையும் பத்திரப்படுத்து. பதில் சொல்ல வேண்டிய கெடு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். எனக்கு அன்றே படம் எடுத்து அனுப்பு.

மருத்துவக் காப்பீடு கட்டாயம், 30 வயதுக்குள் என்பதால் மாணவர் கட்டணத்தில் பொதுக் காப்பீடு கிடைக்கும். அதோடு பொறுப்புக் காப்பீடு என்று ஒன்று இருக்கிறது, ஆண்டுக்குச் சில பத்து யூரோதான். அடுத்தவர் பொருளுக்கு நீ சேதம் செய்தால் சட்டப்படி முழுக்க நீயே ஈடு கட்ட வேண்டிய நாடு இது. கட்டடம் முழுவதற்குமான பொதுச் சாவியைத் தொலைத்துவிட்டால் எல்லாப் பூட்டையும் மாற்றும் செலவு உன் தலையில் விழும். சாவி தொலைந்தாலும் அந்தக் காப்பீடு ஈடு தருமா என்று கேட்டு எடு. உடம்பு முடியாமல் போனால்: உயிர் ஆபத்துக்கு 112, போலீஸுக்கு 110, இரவிலோ விடுமுறையிலோ சாதாரண நோய்க்கு 116117. காய்ச்சலுக்கு ஊசி போடமாட்டார்கள், நன்றாகத் தூங்கு என்று சொல்லி அனுப்புவார்கள். அம்மா பதறுவாள். அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதே. துருக்கிக் கடையில் வெண்டைக்காய், கத்தரிக்காய், கொத்தமல்லி, பருப்பு கிடைக்கும். டோர்ட்முண்டில் ஈழத்துத் தமிழர் கடைகளில் கறிவேப்பிலை, முருங்கைக்காய், இட்லி அரிசி வாங்கலாம். அங்கே “என்ன பிள்ளை வேணும்” என்று கேட்பார்கள், நீயும் மரியாதையாக “அண்ணா”, “அக்கா” என்று பேசு. அவர்கள் எவ்வளவு இழந்து வந்து இந்தக் கடையை நிறுத்தினார்கள் என்பதை மனசில் வை. மிக்ஸியைக் கொண்டு வரலாம், மின்னழுத்தம் நம் ஊரைப் போலவே 230 வோல்ட், பிளக் மட்டும் மாற வேண்டும். குளிரில் மாவு புளிக்காது. ஓவனைச் சூடாக்காமல் அதன் விளக்கை மட்டும் போட்டு, மாவுப் பாத்திரத்தை ராத்திரி உள்ளே வை, காலையில் பொங்கியிருக்கும். கிழக்கே ஹம் நகரில் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, 2002இல் குடமுழுக்கு ஆனது. கோடை தொடக்கத்தில் தேர்த் திருவிழா நடக்கும்போது ஐரோப்பா முழுவதிலுமிருந்து தமிழர் வருவார்கள். அதற்குச் சேர்ந்து போவோம்.

ஆனால் கடையும் கோயிலும் நம் பிள்ளைகள் கூட்டமும் மட்டுமே போதும் என்று இருந்துவிடாதே. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், ஊர் ஜெர்மனில்தான் நடக்கும். மொழி வகுப்பைத் தள்ளிப்போடாதே. பல்கலைக்கழகத்திலேயே உண்டு, நகரம் நடத்தும் மக்கள் கல்விக்கூடத்தில் மாலை வகுப்பும் உண்டு. அதைவிட முக்கியம், ஏதாவது ஒரு சங்கத்தில் சேர். இந்த நாட்டில் ஆறு லட்சத்துக்கு மேல் பதிவு பெற்ற சங்கங்கள் இருக்கின்றன. பாட்டு, பூப்பந்து, செஸ், தோட்டம் என்று எதற்கும் ஒன்று இருக்கும். நீ பள்ளியில் பூப்பந்து ஆடியவள்தானே? வாரம் ஒரு நாள், குறித்த நேரத்தில் போய் நில். முதல் வாரங்களில் ஆட்டத்தைத் தவிர எதுவும் பேசமாட்டார்கள். ஆனால் ஒரு வாரம் நீ போகாவிட்டால், அடுத்த முறை “உடம்பு சரியில்லையா?” என்று கேட்பார்கள். இந்த ஊரில் நட்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நவம்பர், டிசம்பர் கொஞ்சம் கஷ்டம். காலை எட்டரை வரை இருட்டு, மாலை நாலரைக்கே மறுபடி இருட்டு. அழுகை வந்தால் அது உன் பலவீனம் இல்லை, வெளிச்சம் குறைவதும் ஒரு காரணம். பகலில் அரை மணி நேரமாவது வெளியே நட. வீட்டுக்குப் பேசுவதற்கு ஒரு நேரம் வைத்துக்கொள். குளிர்காலத்தில் நமக்கும் ஊருக்கும் நாலரை மணி வித்தியாசம், ஆகவே உன் மாலை நாலு மணி அம்மாவுக்குச் சாப்பாடு முடிகிற நேரம். அப்போது அரை மணி பேசிவிட்டுப் போனை வை. சாயந்திரம் முழுக்க வீடியோவில் ஊரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், இந்த ஊர் ஜன்னலுக்கு வெளியிலேயே நின்றுவிடும்.

பெட்டிக்கு: சான்றிதழ் மூலங்கள், சேர்க்கைக் கடிதம், காப்பீட்டுத் தாள் எல்லாம் கைப்பையில். குக்கருக்கு உபரி கேஸ்கட் இரண்டு. கனமான கோட்டை அங்கே வாங்காதே, இங்கே வந்து என்னோடு வாங்கலாம். டியூசல்டோர்ஃப் விமான நிலையத்துக்கு நான் வருகிறேன்.

அன்புடன்,
அத்தை
எசன்