ஆபீஸில் உட்கார்ந்திருந்தவருக்கும் இழப்பீடு உண்டு

கேள்வி: 2001இல் எச்1பி விசாவில் நியூயார்க் வால் ஸ்ட்ரீட் பக்கம் வேலை பார்த்தேன். இரட்டைக் கோபுரங்கள் விழுந்த மறுவாரமே ஆபீஸைத் திறந்துவிட்டார்கள். மேசையை எத்தனை முறை துடைத்தாலும் மறுநாள் சாம்பல் நிறத் தூசி படிந்திருக்கும். அந்தக் குளிர்காலத்தில் ஆரம்பித்த மூக்கடைப்பும் முகவலியும் இன்றுவரை விடவில்லை. சைனஸுக்கு ஆபரேஷனும் ஆயிற்று. இழப்பீடெல்லாம் தீயணைப்பு வீரர்களுக்குத்தான் என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகி, நியூஜெர்சி

பதில்: இல்லை அம்மா, உங்களுக்கும் உண்டு. அந்தத் தூசியில் அரைபட்ட கான்கிரீட், ஜிப்சம், கண்ணாடி இழை, ஆஸ்பெஸ்டாஸ் எல்லாம் கலந்திருந்தன. காரத்தன்மை மிகுந்த அந்தத் தூசி மூக்கின் உட்சவ்வை அரித்துவிடும். காற்றைச் சுவாசிப்பதில் ஆபத்தில்லை என்று சுற்றுச்சூழல் முகமைத் தலைவர் கிறிஸ்டின் டாட் விட்மன் செப்டம்பர் 18 அன்று அறிவித்தார். அப்படிச் சொல்லப் போதிய தரவு இல்லை என்று அந்த முகமையின் தணிக்கைப் பிரிவே 2003இல் எழுதியது. அந்தச் சொல்லை நம்பி வேலைக்குப் போனவர்களில் நீங்களும் ஒருவர். கேட்கத் தயங்கவே வேண்டாம்.

முதலில் உலக வர்த்தக மைய சுகாதாரத் திட்டத்தில் சேர விண்ணப்பியுங்கள். நாட்பட்ட சைனஸ் அழற்சி அவர்கள் பட்டியலிலேயே இருக்கிறது. உங்கள் நோய் அந்தத் தூசியால் வந்தது என்று அவர்கள் சான்றளித்தால் சிகிச்சை கிடைக்கும். ஆனால் பணம் தருவது அவர்கள் அல்ல. இழப்பீட்டு நிதியம் தனி அமைப்பு. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். சான்று கிடைத்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் நிதியத்தில் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்வதால் எந்த உரிமையும் பறிபோகாது, ஆகவே இன்றைக்கே செய்துவிடுங்கள். காலத்தோடு பதிந்தவர்கள் முழு விண்ணப்பத்தை 2090 அக்டோபர் வரை கொடுக்கலாம். குடியுரிமை இல்லாததும் தடையில்லை.

2001 செப்டம்பர் 11 முதல் 2002 மே 30க்குள் கனால் தெருவுக்குத் தெற்கே இருந்தீர்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டும். கம்பெனி முகவரியுள்ள சம்பளச் சீட்டு, வேலைக் கடிதம் எதுவானாலும் தேடியெடுங்கள். கம்பெனியே மூடிப்போயிருந்தால், உடன் வேலை பார்த்தவர்களிடம் சத்தியப் பிரமாணப் பத்திரம் வாங்கலாம். முதன்முதலில் பார்த்த டாக்டரின் சீட்டும் பழைய சி.டி. ஸ்கேனும் மிக முக்கியம், ஏனென்றால் தொல்லை எப்போது தொடங்கியது என்பதைத்தான் துருவிக் கேட்பார்கள்.

புற்றுநோய் அல்லாத நோய்க்கு, வலி வேதனைக்கான தொகை அதிகபட்சம் 90,000 டாலர். சைனஸுக்கு மட்டும் அந்த உச்சத்தை எதிர்பார்க்க வேண்டாம். வேலையிழப்பு இருந்தால் அதைத் தனியாகக் கணக்கிடுவார்கள். வக்கீல் வைத்துக்கொண்டால், கிடைக்கும் தொகையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டணம் கேட்கச் சட்டம் இடம் தராது.