தட்டை மீனும் வலையின் அடிக்கயிறும்

நம் கடற்கரையில் ‘எருமை நாக்கு’ எனப்படும் மீன் தட்டை மீன் இனத்தது. 1801இல் வெளிவந்த புளோக்–ஷ்னைடர் நூலில் இதற்கு இடப்பட்ட ‘எருமெய்’ என்னும் அறிவியற் பெயர் தமிழ்ச் சொல்லே.

தட்டை மீன் குஞ்சுக்குக் கண்கள் தலையின் இருபுறமும் உள்ளன. வளருங்கால் ஒரு கண் இடம்பெயர்ந்து மறுபுறம் சேர்கிறது. எருமை நாக்கில் அது தலையின் உச்சியளவில் நின்றுவிடும். கண்ணற்ற வெளிறிய பக்கத்தைக் கீழாக வைத்து மீன் சேற்றிலோ மணலிலோ படுக்கிறது. மேற்பக்கத்தின் நிறம் தரையோடு ஒன்றி அதனை மறைக்கும். ஆகவே, நீரின் மேற்பரப்பில் மிதக்கும் வலையில் அது அகப்படுதல் அரிது. ஈயக்குண்டு கட்டிய அடிக்கயிறு தரையை உரசிச் செல்லுதல் வேண்டும். கரைவலையும் இழுவலையும் இவ்வாறே பயன்படுகின்றன.

மலபார், மங்களூர்க் கரைகளில் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்தபின், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சிறிய நாக்கு மீன்கள் கூட்டமாகக் கரையை அணுகும். இவை ஏறத்தாழ 15 செ.மீ. நீளமே வளர்வன. வலைமடியின் கண்கள் மிகவும் சிறுத்திருந்தால், முட்டையிடாத இளமீன்களும் உடன் மாளும். வரும் ஆண்டின் மீன்வளம் குன்றும்.

ஆதலின் களப்பணியாளர் முதற்கண் மடியின் கண்ணை அளந்து பார்த்தல் நன்று. கடல் காணாத ஊர்களிலுள்ள ஆசிரியர், சந்தைக்கு வந்த ஒரு நாக்கு மீனின் இருபக்கங்களையும் திருப்பிக் காட்டினால், மாணவர்க்குப் பாடம் எளிதில் விளங்கும்.